ஐஆர்பி: ரூபி படிக்க உருப்படியாக உதவியது, காசில்லாமல் கூடவே வந்த இதுதான்

ரூபி என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ள எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். எதுவும் வாங்க வேண்டாம், ரூபியை நிறுவியபோதே கூட வந்து உட்கார்ந்திருக்கும் ஐஆர்பியை, அதாவது ரூபி வரிகளைத் தட்டித் தட்டி உடனே ஓட்டிப் பார்க்கிற கருவியை, திறங்கள். எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. முதலில் காசு கட்டி ஒரு வீடியோ கோர்ஸ் வாங்கினேன் (பெயர் வேண்டாம், விட்டுவிடுவோம்). அதில் இரண்டாவது பாடத்திலேயே ஒரு சொல்லுக்குப் பின்னால் புள்ளி வைத்து இன்னொரு சொல்லைத் தட்டி, "இப்படித்தான் மெத்தடைக் கூப்பிட வேண்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டால் என்ன திரும்பி வருகிறது, சில இடங்களில் புள்ளியே இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று எதற்கும் பதில் இல்லை. இரண்டு வாரம் புள்ளி வைத்தால் ஓடும், வைக்காவிட்டால் ஓடாது என்கிற அளவில் குருட்டாம்போக்கில் தட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்த விமர்சனம் ஐஆர்பியைப் பற்றி என்றாலும், ஒரே ஒரு வேலைக்கு அது எப்படி என்றுதான் பார்க்கப் போகிறேன்: ஆப்ஜெக்டில் (சொல், எண் மாதிரியான ஒரு மதிப்பில்) மெத்தடை (அதனிடம் கேட்கக்கூடிய ஒரு வேலையை) கூப்பிடுவது என்றால் என்ன என்று புதிதாக வந்தவருக்குப் புரியவைக்கிறதா? ஒரு விஷயம் முன்கூட்டியே. கட்டளைகளை எல்லாம் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டுகிற ஜன்னலில்) ஐஆர்பி என்று மூன்று எழுத்தைத் தட்டி எண்டர் அடித்தால் திறந்துவிடும். ஒரு வரி தட்டுவீர்கள், அது உடனே ஓடி, என்ன வந்தது என்பதை ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டும். அவ்வளவுதான் கருவியே. பட்டன் இல்லை, மெனு இல்லை, வரவேற்புத் திரை இல்லை. கோர்ஸில் பளபளவென்று பார்த்துவிட்டு இதைத் திறந்தால் ஏதோ பழைய காலத்துச் சாமான் மாதிரி இருக்கும். அந்த அம்புக்குறிக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் செய்த சோதனை. "ரூபி" என்பதன் ஆங்கிலச் சொல்லை மேற்கோளுக்குள் போட்டு, புள்ளி வைத்து, லெங்த் என்று தட்டினேன். 4 என்று வந்தது. நாலெழுத்து, சரி. அடுத்து வெறும் 5 போட்டு, புள்ளி, லெங்த். ஒரு எரர். அதை அவசரப்படாமல் படித்தால், "இன்டிஜர் (முழு எண்) வகை ஆப்ஜெக்டுக்கு லெங்த் என்ற மெத்தட் இல்லை" என்பதுதான் அதன் சாரம். (2023 டிசம்பரில் வந்த 3.3-க்கு முந்தைய ரூபிகளில் இதே எரரின் வாசகம் வேறு மாதிரி இருக்கும், 5 என்ற மதிப்பையே சேர்த்துக் காட்டும். பழைய பாடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, நாம்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று குழம்ப வேண்டாம்.) இந்த ஒரு எரர் எனக்கு அந்தக் கோர்ஸின் நாலு பாடத்தைவிட அதிகம் சொன்னது. லெங்த் என்பது காற்றில் மிதக்கிற கட்டளை இல்லை. அது ஸ்ட்ரிங்கிடம் (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத் தொடரிடம்) இருக்கிறது, எண்ணிடம் இல்லை. புள்ளிக்கு இடப்பக்கம் நிற்பவரிடம் நாம் ஒன்று கேட்கிறோம், அவருக்குத் தெரிந்தால் பதில் சொல்வார், தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது" என்று கையை விரிப்பார்.

அப்புறம் விளையாட்டாக 5-க்குப் பின்னால் சைஸ் என்று தட்டிப் பார்த்தேன். ஸ்ட்ரிங்கில் லெங்த்தும் சைஸும் ஒன்றுதான், இரண்டுமே எழுத்து எண்ணிக்கையைத் தரும். ஆகவே எண்ணிடம் இதுவும் இருக்காது என்று நினைத்தேன். 8 என்று வந்தது! 5-க்கும் 8-க்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு தேடியதில், அந்த எண்ணைக் கணினி வைத்திருக்க எத்தனை பைட் என்று சொல்கிறதாம். 64 பிட் கணினியில் 8 பைட். ஒரே பெயர்தான், ஆனால் கேட்கப்படும் ஆள் மாறினால் அர்த்தமும் மாறுகிறது. இதை யாராவது ஸ்லைடு போட்டு விளக்கியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். நானே தட்டி, எதிர்பாராத 8-ஐப் பார்த்ததால்தான் மனதில் நின்றது.

இதே ருசியில் இன்னொன்று. மேற்கோளுக்குள் இருக்கும் "5"-ஐயும் வெறும் 5-ஐயும் கூட்டிப் பாருங்கள். இரண்டு வரிசையிலும் கூட்டுங்கள், அதுதான் முக்கியம். "5" + 5 என்றால் ஒரு எரர் வரும்: இன்டிஜரைத் தானாக ஸ்ட்ரிங்காக மாற்ற வழியில்லை என்று. 5 + "5" என்றால் இன்னொரு எரர் வரும்: ஸ்ட்ரிங்கை இன்டிஜரோடு ஒத்துப்போக வைக்க முடியாது என்று. இரண்டும் டைப்எரர்தான், வாசகம்தான் வேறு. கூட்டல் என்றால் எப்படிக் கூட்டினாலும் ஒன்றுதானே என்று பள்ளியில் படித்த மூளை இங்கே தடுமாறும். விஷயம் என்னவென்றால் ரூபியில் கூட்டல் குறியும் ஒரு மெத்தட்தான். 5 + 3 என்பது, 5 என்ற ஆப்ஜெக்டைக் கூப்பிட்டு, கூட்டல் என்ற மெத்தடுக்கு 3-ஐக் கொடுப்பது. நம்பாதவர்கள் 5.+(3) என்று தட்டிப் பாருங்கள், 8 வரும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், யாரும் இப்படி எழுதமாட்டார்கள், ஆனால் ஓடும். முதல் எரரைச் சொன்னது ஸ்ட்ரிங், இரண்டாவதைச் சொன்னது இன்டிஜர். இடப்பக்கத்து ஆள் வேறு, அதனால் குறையும் வேறு.

இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகு எரர் வந்தால் பயம் போய்விட்டது. முன்பெல்லாம் எரரைப் பார்த்தவுடன் கண் தானாகத் திரையை விட்டு விலகும். இப்போது முதலில் தேடுவது "யாரிடம் கேட்டோம்" என்பதைத்தான். ஸ்ட்ரிங்கிடம் கேட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், எரரில் நில் (ரூபியில் 'ஒன்றுமில்லை' என்பதன் பெயர்) என்று இருக்கும். பாதிப் பிரச்சினை அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். எழுத்துப்பிழை என்றால் இன்னும் சுலபம். லெங்த்தின் கடைசி இரண்டு எழுத்தை மாற்றித் தட்டினால் (நான் இன்றைக்கும் தட்டுகிறேன்) "இதையா சொன்னீர்கள்?" என்று சரியான பெயரை அதுவே எடுத்துக்கொடுக்கும். 2.3 முதலே ரூபியோடு வருகிற வசதி இது, ஐஆர்பிக்கு மட்டும் சொந்தம் இல்லை.

தமிழில் தட்டிப் பார்க்காமல் விடுவேனா? "அம்மா" என்று மேற்கோளுக்குள் போட்டு லெங்த் கேட்டேன். 5 என்றது. மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்தா என்று கோபம் வந்தது. ரிவர்ஸ் கேட்டேன், தலையில் ஒரு துணைக்கால் மட்டும் அநாதையாகத் தொங்க, அதன் பின்னால் ம், ம, அ என்று ஏதோ வந்தது. ஸ்ட்ரிங் பொய் சொல்லவில்லை. அது எண்ணுவது யூனிகோடு குறிகளை: அ, ம, புள்ளி, ம, துணைக்கால், ஆக ஐந்து. நாம் எழுத்து என்று சொல்வதை எண்ண வேண்டுமானால் கிராஃபீம்_கிளஸ்டர்ஸ் என்ற இன்னொரு மெத்தடைக் கூப்பிட்டு, அது தருகிற பட்டியலிடம் லெங்த் கேட்க வேண்டும். அப்போதுதான் 3. பைட்சைஸ் கேட்டால் 15. ஒரே அம்மாவுக்கு மூன்று அளவுகள், எதைக் கேட்கிறோமோ அதற்குப் பதில். அப்கேஸ் கேட்டால் அம்மா அம்மாவாகவே திரும்பி வருவார், தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து ஏது? இந்தக் கடைசிச் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு இடத்தில் என் காலை வாரிவிட்டது இதன் அண்ணன்தான்.

இப்போது அம்புக்குறிக்கு வருகிறேன். ஐஆர்பியில் எதைத் தட்டினாலும், அந்த வரி என்ன மதிப்பைத் திருப்பித் தந்தது என்று அம்புக்குறியோடு காட்டும் என்றேன் அல்லவா? ஒரு மெத்தடைக் கூப்பிட்டால் ஏதோ ஒன்று நடக்கும், ஏதோ ஒன்று திரும்பி வரும், இரண்டும் வேறு வேறு. புதியவர்கள் அத்தனை பேரும் வழுக்குகிற இடம் இது. புட்ஸ் என்று போட்டு "வணக்கம்" என்று தட்டுங்கள். திரையில் வணக்கம் வரும், அதற்குக் கீழே அம்புக்குறி போட்டு நில் என்று வரும். நான் முதல் நாள் இந்த நில்லைப் பார்த்து ஏதோ கோளாறு என்று ரூபியை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், சிரிக்காதீர்கள். புட்ஸ் செய்கிற வேலை திரையில் எழுதுவது, அது கையில் திருப்பித் தருவது ஒன்றுமில்லை, அதாவது நில். ஆகவே புட்ஸின் விடையை ஒரு வேரியபிளில் (மதிப்புக்கு நாம் வைக்கிற பெயரில்) பிடித்து வைத்து, அதனிடம் போய் லெங்த் கேட்டால், கேட்பது வணக்கத்திடம் இல்லை, நில்லிடம்.

இந்த நில்லும் ஒரு ஆப்ஜெக்ட் என்பது தனி வேடிக்கை. அதற்கும் கிளாஸ் (வகை) உண்டு, நில்கிளாஸ் என்று. டூ_எஸ் (ஸ்ட்ரிங்காக்கு) கேட்டால் காலி ஸ்ட்ரிங் தரும், டூ_ஐ (முழு எண்ணாக்கு) கேட்டால் 0 தரும். தெரிந்ததைக் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லும், அதற்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம், அவ்வளவுதான்.

அம்புக்குறியின் இன்னொரு நல்ல குணம், மதிப்பை உள்ளது உள்ளபடி காட்டுவது. புட்ஸ் போட்டால் "5"-ம் 5-ம் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஐஆர்பி ஒன்றுக்கு மேற்கோள் போடும், மற்றதற்குப் போடாது. கெட்ஸ் என்ற மெத்தடால் பயனரிடம் ஒரு சொல் வாங்கும்போது இது எவ்வளவு உதவி என்று தெரியும். கெட்ஸ் என்று தட்டி எண்டர், ஒரு பெயரைத் தட்டி மறுபடி எண்டர். திரும்பி வருகிற ஸ்ட்ரிங்கின் வாலில், மேற்கோளுக்கு உள்ளே, ஒரு பின்சாய்வுக்கோடும் "என்" என்ற எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது நீங்கள் அடித்த எண்டர். எல்லாப் பாடங்களிலும் கெட்ஸ்.சாம்ப் என்று மந்திரம் மாதிரி சேர்த்தே எழுதுகிறார்களே, ஏன் என்று இந்த வாலைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. கெட்ஸ் ஒரு ஸ்ட்ரிங்கைத் தருகிறது, அந்த ஸ்ட்ரிங்கிடம் சாம்ப் என்று கேட்டால் வாலை நறுக்கிய இன்னொரு ஸ்ட்ரிங்கைத் தருகிறது. இது ஒரே கட்டளை இல்லை, இரண்டு கூப்பாடு.

நீண்ட சங்கிலிகளையும் இப்படித்தான் படிக்கப் பழகினேன். [3, 1, 2].சார்ட்.ரிவர்ஸ்.ஃபர்ஸ்ட் என்று ஒரு வரி இருந்தால், முதல் புள்ளி வரை தட்டி எண்டர், என்ன வந்தது என்று பார்த்துவிட்டு, மேல்நோக்கு அம்பு விசையால் அதே வரியைத் திரும்ப வரவழைத்து அடுத்த புள்ளி வரை நீட்டி எண்டர். [1, 2, 3], அப்புறம் [3, 2, 1], அப்புறம் வெறும் 3. ஒவ்வொரு புள்ளியிலும் இடப்பக்கத்து ஆள் மாறிக்கொண்டே வருகிறார். கடைசியில் கையில் இருப்பது எண், பட்டியல் இல்லை. அதனிடம் போய் மறுபடி சார்ட் கேட்டால் எரர் வராமல் என்ன செய்யும்?

இனி என் சொந்தக் கதை. பெயரைக் கேட்டு, முதல் எழுத்தைப் பெரிதாக்கி, எத்தனை எழுத்து என்று சொல்கிற சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். முதல் எழுத்தைப் பெரிதாக்க கேப்பிடலைஸ் என்ற மெத்தட் இருக்கிறது. அதிலேயே ஆச்சரியக்குறி போட்ட இன்னொன்றும் இருக்கிறது, கேப்பிடலைஸ்!. ஆச்சரியக்குறி இருந்தால் புதிய ஸ்ட்ரிங்கைத் தராமல் இருக்கிற ஸ்ட்ரிங்கையே மாற்றும் என்று எங்கோ படித்து, அதுதான் கெத்தாக இருக்கிறது என்று, நேம் = நேம்.கேப்பிடலைஸ்! என்று எழுதிவிட்டேன். என் பெயரைச் சின்ன எழுத்தில் தட்டிப் பத்து முறை ஓட்டினேன், பிரமாதம். நண்பரிடம் கொடுத்தேன். அவர் பொறுப்பான மனிதர், தன் பெயரின் முதல் எழுத்தை ஒழுங்காகப் பெரிய எழுத்தில் தட்டினார். நிரல் அந்த இடத்திலேயே விழுந்தது. நில்லுக்கு லெங்த் இல்லை என்று எரர்.

அதாவது அலட்சியமாகத் தட்டுகிறவருக்கு ஓடுகிறது, ஒழுங்காகத் தட்டுகிறவருக்கு உடைகிறது. அரை நாள் போயிற்று. கெட்ஸைச் சந்தேகப்பட்டேன், அவர் கீபோர்டைச் சந்தேகப்பட்டேன். யாரோ ஒருவர், புள்ளிக்கு முன்னால் ஆம்பர்சண்ட் போட்டால் (&. என்று) நில்லாக இருந்தாலும் எரர் வராது என்று யோசனை சொன்னார். போட்டேன், எரர் போயிற்று. எழுத்து எண்ணிக்கையும் சேர்ந்து போயிற்று, அந்த இடம் காலியாக இருந்தது. வலிக்கிற பல்லுக்கு மரத்துப்போகிற ஊசி போட்ட கதை.

கடைசியில் ஐஆர்பியைத் திறந்து, பெரிய எழுத்தில் தொடங்கும் ஒரு பெயரைத் தட்டி, கேப்பிடலைஸ்! கேட்டேன். அம்புக்குறி, நில். சின்ன எழுத்தில் தொடங்கும் பெயர், கேப்பிடலைஸ்!. அம்புக்குறி, மாற்றிய பெயர். இரண்டு வரியில் குட்டு உடைந்தது. மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் அந்த மெத்தட் நில் தரும், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அப்கேஸ்! கூட அப்படியே. நேம் = என்று இடப்பக்கம் போட்டு அந்த நில்லை நானே என் கையால் பெயரின் மேல் எழுதிவிட்டிருக்கிறேன். தமிழில் பெயர் தட்டுகிறவருக்கு அந்த நிரல் ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கும், மாற்ற ஒன்றுமே இல்லையே. ஆச்சரியக்குறியை எடுத்தேன், சரியாகிவிட்டது. ஃபைலில் எழுதி ஓட்டிக்கொண்டே இருந்திருந்தால் இது எனக்குத் தெரியவே வந்திருக்காது, ஏனென்றால் ஃபைலில் ஓடும்போது நடுவில் எது என்ன திருப்பித் தருகிறது என்று யாரும் காட்டுவதில்லை.

அதே காரணம்தான் ஐஆர்பியின் மேல் எனக்கு இருக்கிற முதல் மனக்குறையும். இது செல்லம் கொடுத்துக் கெடுக்கும். நாலு நாள் இதிலேயே புழங்கிவிட்டு, அதே வரிகளை ஒரு ஃபைலில் போட்டு ஓட்டினால் திரையில் ஒன்றுமே வராது. எரர்கூட வராது. லெங்த் கணக்கிடப்பட்டது, விடை வந்தது, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போய்விட்டது. ஃபைலில் நீங்களாகப் புட்ஸ் போட வேண்டும், அல்லது பி என்ற ஒற்றை எழுத்து மெத்தடைப் போட வேண்டும், ஐஆர்பி காட்டுவது போலவே மேற்கோளோடு காட்டும். இதை எந்த இடத்திலும் ஐஆர்பி உங்களுக்குச் சொல்லித்தராது.

இரண்டாவது குறை, புள்ளி வைத்த உடனே படபடவென்று விழுகிற பெயர்ப்பட்டியல். 2021 டிசம்பரில் வந்த 3.1 முதல் இது இருக்கிறது. ஸ்ட்ரிங்குக்குப் பின்னால் புள்ளி வைத்தால் அதனிடம் கேட்கக்கூடிய மெத்தடுகள் எல்லாம் கீழே தொங்கும். யோசனை நல்லதுதான், முதல் முறை பார்த்தபோது இத்தனை விஷயம் கேட்கலாமா என்று எனக்கே வாய் பிளந்தது. ஆனால் புதியவருக்கு அது ஒரு சந்தை இரைச்சல். லெங்த் தேடிப் போனவர் ஏதேதோ பெயர்களைப் பார்த்து மிரண்டுபோவார். சங்கிலி நீண்டால் பழைய வெர்ஷன்களில் சம்பந்தமில்லாத பெயர்களும் வந்து நிற்கும். ஐஆர்பியைத் திறக்கும்போதே நோஆட்டோகம்ப்ளீட் என்று சேர்த்துத் தட்டினால் (முன்னால் இரண்டு சிறு கோடு) நின்றுவிடும். முதல் மாதம் நிறுத்தி வையுங்கள், அப்புறம் நீங்களே திரும்பப் போட்டுக்கொள்வீர்கள்.

மூன்றாவது, மேற்கோளை மூட மறந்து எண்டர் அடித்தால் அது ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். எக்ஸிட் என்று தட்டினாலும் வெளியே வராது, ஏனென்றால் எக்ஸிட் என்பதும் அந்த மூடாத மேற்கோளுக்குள் போய் விழுகிறது. வரியின் தொடக்கத்தில் வழக்கமான குறிக்குப் பதிலாக ஒரு மேற்கோள் நிற்கும், அதுதான் அடையாளம். கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அடித்தால் மீளலாம். இது தெரியாமல் நான் ஜன்னலையே மூடிய நாட்கள் உண்டு.

குறை சொல்லியாயிற்று, இனி எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம். புள்ளியே இல்லாமல் புட்ஸ் எப்படி ஓடுகிறது என்று முதலில் கேட்டேனே. இடப்பக்கம் ஒரு ஆள் வேண்டும் என்கிறாய், புட்ஸுக்கு இடப்பக்கம் யார்? பதில் நாள் முழுக்க என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. ஐஆர்பியில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் மெய்ன் என்று எழுதியிருக்கும். அலங்காரம் என்று நினைத்து அதைப் படித்ததே இல்லை. செல்ஃப் என்று தட்டிப் பாருங்கள், மெய்ன் என்று வரும். புள்ளி இல்லாமல் கூப்பிட்டால் ரூபி அதை இந்த மெய்ன் ஆப்ஜெக்டிடம் கேட்டதாக எடுத்துக்கொள்ளும். ஆள் இல்லாமல் இல்லை, சொல்லாமல் விட்டிருக்கிறோம். தமிழில் "வந்தேன்" என்றால் நான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

இதை உறுதிப்படுத்த 5.புட்ஸ் "வணக்கம்" என்று தட்டினேன். எரர் வந்தது, ஆனால் வழக்கமான "அப்படி ஒரு மெத்தட் இல்லை" இல்லை, "புட்ஸ் பிரைவேட் மெத்தட்" என்று வந்தது. அதாவது 5-க்கும் புட்ஸ் தெரியும், ஆனால் வெளியாள் புள்ளி வைத்துக் கேட்டால் செய்யாது. இந்த இரண்டு எரருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து நான் அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அடைப்புக்குறி இல்லாமல் ஒரு புதிய பெயரைத் தட்டினால் வருகிற எரரும் இப்போது அர்த்தமாயிற்று. "இந்தப் பெயரில் வேரியபிளும் இல்லை, மெத்தடும் இல்லை" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லும். வெறும் பெயரைப் பார்த்தால் அது வேரியபிளா, மெய்னிடம் கேட்கிற மெத்தடா என்று ரூபிக்கே தெரியாது. பின்னால் () போட்டால் மெத்தட்தான் என்று முடிவு செய்து எரரையும் மாற்றிச் சொல்லும். தட்டிப் பாருங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஆர்குமெண்ட் (மெத்தடுக்குக் கூடவே தருகிற மதிப்பு) கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3.14159.ரவுண்ட்(2) என்றால் 3.14, அடைப்புக்குறியை விட்டுவிட்டு ஓர் இடைவெளியோடு 2 என்று போட்டாலும் அதேதான். இன்க்ளூட்? போன்றதை ஒன்றும் கொடுக்காமல் கூப்பிட்டால் "கொடுத்தது 0, எதிர்பார்த்தது 1" என்று கணக்காகச் சொல்லிவிடும். கேள்விக்குறியில் முடிகிற மெத்தடுகள் பெரும்பாலும் ஆமாம் இல்லை என்றுதான் பதில் தரும், பெயர் வைத்ததிலேயே ஒரு நாகரிகம்.

நிறுவுவதே தலைவலி என்பவர்களுக்கு ரூபியின் சொந்தத் தளத்தில் ட்ரை ரூபி என்று பிரவுசரிலேயே ஓடுகிற ஒன்று இருக்கிறது, ஒரு மாலைப் பொழுதுக்கு அது போதும். அதற்கு மேல் போக ஐஆர்பிதான். ஏற்கெனவே வேறு மொழியில் பழகியவர்கள் இதை ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுவார்கள். முதல் மொழியே ரூபி என்பவர்கள் ஒரு மாதம் இதிலேயே கிடக்கலாம், ஆனால் கூடவே ஒரு ஃபைலையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் 5-க்கு 4. வெட்டிய ஒன்றில் பாதி அந்தப் பெயர்ப்பட்டியல் இரைச்சலுக்கு, பாதி மூடாத மேற்கோளுக்கு.

கடைசியாக, போன வாரம் கண்டுபிடித்த ஒன்று. சிஎச்டபிள்யூஎஸ் என்று தட்டி, இடைவெளி விட்டு "அம்மா" என்று கொடுங்கள். வரியின் தொடக்கத்தில் இருக்கும் மெய்ன் மறைந்து அந்த இடத்தில் அம்மா வந்து நிற்பார். இப்போது புள்ளி வேண்டாம், மேற்கோள் வேண்டாம், வெறுமனே லெங்த் என்று தட்டுங்கள். 5 வரும். பைட்சைஸ் தட்டுங்கள், 15. நீங்கள் அந்த ஸ்ட்ரிங்குக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள். திரும்பி வர ஒன்றும் கொடுக்காமல் சிஎச்டபிள்யூஎஸ் மட்டும் தட்டினால் போதும், மெய்ன் மறுபடி வந்துவிடும். இந்த முறை 5-க்குள் போய் உட்கார்ந்து புட்ஸ் "வணக்கம்" என்று தட்டினேன். எழுதிக் காட்டியது.